உயிரணுவில் ஒளிந்த கிருமி

நுழையும்முன்

பகைவர் கோட்டைக்கு வெளியே நின்றால் காவலர் எதிர்த்துப் போரிடுவர். பகைவரே காவலரின் அறைக்குள் புகுந்து குடியிருந்தால் என்ன செய்வது? நம் உடலில் அவ்வாறு உயிரணுவுக்குள் புகுந்து வாழும் கிருமிகள் உள்ளன. அத்தகைய கிருமி ஒன்றைத் தேடிச் சென்ற மருத்துவர் ஒருவர், அந்தத் தேடலிலேயே தம் உயிரையும் இழந்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் ஃபின்ட்லி என்னும் ஊரில் பிறந்தார். 1894ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சிகாகோ நகரில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அந்நாளில் நாடெங்கும் பெரும் பொருளாதார நெருக்கடி நிலவியது. அவருடைய குடும்பமும் அதில் சிக்கித் தளர்ந்தது. எனவே அவர் வேலை செய்துகொண்டே படித்து, 1897ஆம் ஆண்டு மருத்துவரானார்.

மருத்துவத்தொழில் செய்து பொருளீட்டும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. ஆயினும் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. நோய் எங்கிருந்து வருகிறது, உடலுக்குள் எவ்வாறு பரவுகிறது, உடல் அதனை எவ்வாறு எதிர்க்கிறது என்னும் வினாக்கள் அவரை ஈர்த்தன. பூஞ்சையால் தோலில் உண்டாகும் நோய் ஒன்றை அவர் முதலில் ஆராய்ந்தார். 1900ஆம் ஆண்டு மைரா டப்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். பெர்லினிலும் பாரிசிலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்றுத் திரும்பியபின், 1902ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணியில் சேர்ந்தார்.

பள்ளத்தாக்கில் ஒரு நோய்

அமெரிக்காவின் வடமேற்கே மொன்டானா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே ராக்கி மலைத்தொடரின் இடையே பிட்டர்ரூட் என்னும் அழகிய பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. பனி உருகும் இளவேனில் காலத்தில் அங்கே புல்லும் பூவும் செழிக்கும். மரம் வெட்டுவோரும் உழவரும் வேலைக்குப் புறப்படுவர். அதே காலத்தில்தான் ஆண்டுதோறும் ஒரு கொடிய நோயும் தலைகாட்டியது.

முதலில் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தோன்றும். சில நாள்களில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் எழும். அவை உடலெங்கும் பரவிக் கருஞ்சிவப்பாக மாறும். இதனால் மக்கள் இந்நோயைக் கரும் தட்டம்மை என்று அழைத்தனர். மருத்துவர்கள் இதற்கு ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல் எனப் பெயரிட்டனர். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் இறந்தனர்.

அப்பள்ளத்தாக்கின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்தோரையே நோய் பெரிதும் தாக்கியது. கிழக்குக் கரையில் வாழ்ந்தோரை அது தாக்கியது அரிது. இதற்குக் காரணம் தெரியாமல் மக்கள் திகைத்தனர். மேற்கு மலைகளிலிருந்து உருகி வரும் பனிநீரைக் குடிப்பதே காரணம் என்று பலர் நம்பினர். உண்ணிகள்மீது ஐயம் கொண்ட மருத்துவர் சிலரும் இருந்தனர். ஆனால் அதனை உறுதிப்படுத்தச் சான்று போதவில்லை. அந்த எண்ணத்தை மறுத்து எழுதிய அறிஞர்களும் இருந்தனர்.

கூடாரத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

1906ஆம் ஆண்டு இளவேனிலில் ரிக்கெட்ஸ் மொன்டானாவின் மிசௌலா நகருக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 35. அங்கே அவருக்கென ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. ஆகவே மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அமைத்து, அதனையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். நுண்ணோக்கியும் சில கூண்டுகளும் கினியா பன்றிகளுமே அவருக்குத் துணையாக இருந்தன. கினியா பன்றி என்பது பன்றி அன்று. முயலினும் சிறிய, சாதுவான கொறிக்கும் விலங்கு.

ரிக்கெட்ஸ் முதலில் நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்துக் கினியா பன்றிக்குச் செலுத்தினார். சில நாள்களில் அதற்குக் காய்ச்சல் கண்டது. அதன் காதுகளிலும் பாதங்களிலும் தோல் கறுத்தது. மனிதரைத் தாக்கும் நோயை விலங்கிலும் உண்டாக்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று. இனி நோயாளியின் படுக்கையருகே காத்திருக்க வேண்டியதில்லை. கூண்டுக்குள்ளேயே நோயைத் தொடர்ந்து ஆராயலாம்.

அடுத்து, நோயுற்ற கினியா பன்றியின் உடலில் ஓர் உண்ணியை ஒட்டச் செய்தார். அது இரத்தம் குடித்தது. பின்னர் அதே உண்ணியை எடுத்து நலமான கினியா பன்றியின் உடலில் விட்டார். நலமாக இருந்த அவ்விலங்கும் நோயுற்றது. பனிநீர் அன்று, உண்ணியே நோயைக் கொண்டு செல்கிறது என்பது வெளிப்பட்டது. அதே ஆண்டில் அரசு மருத்துவர் ஒருவரும் தனியே ஆராய்ந்து இதே முடிவை எட்டினார்.

உண்ணி உணர்த்திய உண்மை

கூண்டில் நிகழ்வது காட்டிலும் நிகழுமா என்று ரிக்கெட்ஸ் சிந்தித்தார். ஆய்வாளர் நோயூட்டிய உண்ணி நோயைப் பரப்புவதில் வியப்பில்லை. பள்ளத்தாக்கின் புதர்களில் இயல்பாகத் திரியும் உண்ணிகளிடமும் அந்நோய் இருக்கிறதா என்பதே அவர் விடை காண வேண்டிய வினா. ஆகவே அவரும் அவருடைய துணைவர்களும் காட்டு உண்ணிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். திரட்டிய உண்ணிகள் பலவற்றுள் மிகச் சிலவே நோயைச் சுமந்திருந்தன. உண்ணிக்கடி பட்டோர் அனைவருக்கும் நோய் வராதது ஏன் என்பதற்கு இதுவே விடையாக அமைந்தது.

மற்றொரு வினாவும் எஞ்சியிருந்தது. குளிர்காலத்தில் மறையும் நோய் அடுத்த இளவேனிலில் எவ்வாறு மீண்டும் வருகிறது? நோயுற்ற பெண் உண்ணி இடும் முட்டைகளையும், அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் ரிக்கெட்ஸ் ஆராய்ந்தார். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கு நோய் செல்வதைக் கண்டறிந்தார். இளம் உண்ணிகள் எலி, அணில் போன்ற சிறு விலங்குகளின் இரத்தத்தைக் குடித்து வளர்கின்றன. வளர்ந்தபின் குதிரை, மாடு போன்ற பெரிய விலங்குகளை நாடுகின்றன. மனிதர் அவ்வழியே தற்செயலாகக் குறுக்கிடுபவரே. கால்நடைகளின் உடலில் உள்ள உண்ணிகளை அழித்தால் நோயைக் குறைக்கலாம் என்று அவர் வழி கூறினார்.

இவ்வுண்மைகள் எல்லோரையும் மகிழ்விக்கவில்லை. அந்நாளில் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்கள் பெருகி வந்தன. நிலம் வாங்கப் புதியோர் வந்துகொண்டிருந்தனர். நோயைப் பற்றிய செய்தி பரவினால் நில விற்பனை குன்றும் என்று சிலர் அஞ்சினர். ரிக்கெட்ஸ் தம் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை.

வளர மறுத்த கிருமி

நோயைக் கொண்டு வருவது உண்ணி என்று தெரிந்துவிட்டது. ஆனால் உண்ணி சுமந்து வரும் கிருமி எது? ரிக்கெட்ஸ் நோயாளிகளின் இரத்தத்தையும், உண்ணிகளின் உடலையும், அவற்றின் முட்டைகளையும் நுண்ணோக்கியில் மீண்டும் மீண்டும் பார்த்தார். மிகச் சிறிய கோல் போன்ற உருவங்கள் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. 1909ஆம் ஆண்டு அவற்றைப் பற்றி எழுதி வெளியிட்டார்.

ஆயினும் அவருக்கு ஒரு தடை இருந்தது. ஒரு கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவ வேண்டுமெனில், அதனை உடலுக்கு வெளியே தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது அக்கால அறிவியலின் நெறி. இறைச்சிச் சாறு போன்ற ஊட்டப்பொருள்களில் பிற கிருமிகள் ஓரிரு நாளில் பெருகின. இக்கிருமியோ எதிலும் வளரவில்லை. முழுமையாக நிறுவ இயலாத ஒன்றை நிறுவிவிட்டதாக அவர் கூறவில்லை. அக்கிருமிக்குப் பெயரும் சூட்டவில்லை. புகழைவிட உண்மையையே அவர் பெரிதாக மதித்தார் என்பதற்கு இது சான்றாகும்.

அது வளர மறுத்ததற்கு அவருடைய திறமைக் குறைவு காரணமன்று. அக்கிருமி மற்றோர் உயிரணுவின் உள்ளே மட்டுமே வாழக்கூடியது. உயிருள்ள அணு இல்லாத எந்தக் குடுவையிலும் அது பிழைக்காது. அவர் தடையாகக் கருதியது, உண்மையில் அக்கிருமியின் இயல்பாகவே இருந்தது.

மெக்சிகோவில் இறுதி நாள்கள்

1909ஆம் ஆண்டின் இறுதியில் மொன்டானா ஆராய்ச்சிக்கான பொருளுதவி தடைப்பட்டது. அப்போது மெக்சிகோ நகரில் டைபஸ் என்னும் காய்ச்சல் மக்களை வாட்டி வந்தது. இது டைபாய்டு அன்று, வேறொரு நோய். இதிலும் காய்ச்சலும் தோலில் புள்ளிகளும் தோன்றும். இரு நோய்களும் உறவுடையனவா என்று அறிய விரும்பிய ரிக்கெட்ஸ், ரசல் வைல்டர் என்னும் இளம் துணைவருடன் மெக்சிகோவுக்குச் சென்றார்.

டைபஸ் வேறு, புள்ளிக்காய்ச்சல் வேறு என்பதை அவர்கள் காட்டினர். மனிதரின் உடையில் வாழும் பேன்களே டைபஸைப் பரப்புகின்றன என்பதையும் ஆய்வின் வழி உறுதி செய்தனர். சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞரும் துனிஸ் நகரில் இதனை முன்னரே கண்டறிந்திருந்தார். நோயாளிகளின் இரத்தத்திலும் பேன்களின் உடலிலும் நுண்ணிய கோல் உருவங்களை ரிக்கெட்ஸ் மறுபடியும் கண்டார். மொன்டானாவில் கண்ட உருவங்களை அவை ஒத்திருந்தன.

அவ்வேளையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்திருந்தது. அப்பதவியை ஏற்கவும் அவர் இசைந்திருந்தார். ஆனால் அங்கே செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாம் ஆராய்ந்த டைபஸ் நோயே அவரையும் பற்றியது. 1910ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள் அவர் மெக்சிகோ நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. மனைவியும் இரு குழந்தைகளும் அவரை இழந்து வருந்தினர்.

பெயரில் வாழ்பவர்

ரிக்கெட்ஸ் விட்டுச் சென்ற பணியைப் பிறர் தொடர்ந்தனர். ஸ்டானிஸ்லாஸ் புரோவாசெக் என்னும் அறிஞரும் டைபஸை ஆராய்ந்து, 1915ஆம் ஆண்டு அந்நோயாலேயே இறந்தார். அவருடன் பணியாற்றிய பிரேசில் நாட்டு அறிஞர் ரோச்சா லிமா, 1916ஆம் ஆண்டு டைபஸ் கிருமிக்குப் பெயர் சூட்டினார். உயிரீந்த இருவரையும் நினைத்து அதற்கு ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று பெயரிட்டார். ராக்கி மலைக் கிருமியோ பின்னாளில் ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப் பெயர் பெற்றது. தாம் பெயர் சூட்டாமல் விட்ட கிருமியில் அவர் பெயரே இருமுறை ஒலிக்கிறது.

1938ஆம் ஆண்டு ஹெரால்டு காக்ஸ் என்னும் அறிஞர், கருவுற்ற கோழிமுட்டையின் மஞ்சட்கருப் பையில் இவ்வகைக் கிருமிகளை வளர்த்துக் காட்டினார். உயிருள்ள அணுக்கள் கிடைத்ததும் கிருமிகள் பெருகின. ரிக்கெட்ஸ் மறைந்து 28 ஆண்டுகள் சென்றபின் அவருடைய தடை நீங்கியது.

காவலருக்குள் குடியிருப்போர்

ரிக்கெட்ஸ் பெயரால் அமைந்த பெரும் பிரிவில் மேலும் பல கிருமிகள் உள்ளன. அவற்றுள் சில, நம் உடலைக் காக்கும் வெள்ளையணுக்களுக்குள்ளேயே வாழ்கின்றன. உண்ணி வழியாகப் பரவும் அனாபிளாஸ்மா என்னும் கிருமி அவற்றுள் ஒன்று. இது மனிதரையும் தாக்கும் என்பது 1990களில் அமெரிக்காவில் அறியப்பட்டது.

பொதுவாக ஒரு வெள்ளையணு கிருமியைக் கண்டால் அதனைச் சூழ்ந்து விழுங்குகிறது. விழுங்கிய கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. செரிக்கும் பொருள்கள் நிறைந்த வேறு பைகள் அதனுடன் வந்து இணைகின்றன. நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களையும் வெள்ளையணு உண்டாக்குகிறது. இவற்றால் கிருமி அழிகிறது.

அனாபிளாஸ்மாவோ தான் அடைபட்ட பையையே வீடாக மாற்றிக்கொள்கிறது. செரிக்கும் பைகள் வந்து இணையாதபடி அது தடுக்கிறது. ஆக்சிஜன் நச்சு உண்டாவதையும் குறைக்கிறது. இந்த வகை வெள்ளையணுக்கள் குறுகிய காலமே வாழ்ந்து மடிபவை. அந்த இறப்பைக்கூடக் கிருமி தள்ளிப்போடச் செய்கிறது. இவ்வாறு கிடைத்த காலத்தில் அது பெருகி, முசுக்கொட்டைப் பழம் போன்ற கொத்தாகத் திரள்கிறது. இதன் உறவான எர்லிக்கியா என்னும் கிருமி மற்றொரு வகை வெள்ளையணுவில் குடியேறுகிறது.

ரிக்கெட்ஸ் கண்ட கிருமி வேறு வழியைப் பின்பற்றுகிறது. அது பெரும்பாலும் இரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்களில் நுழைகிறது. தன்னை அடைத்த பையை உடைத்துக்கொண்டு வெளியேறி, அணுவின் நடுவே பெருகுகிறது. இதனால் குழாய்ச் சுவர் சிதைந்து குருதி கசிகிறது. நோயாளியின் தோலில் தோன்றும் கருஞ்சிவப்புப் புள்ளிகளுக்குக் காரணம் இதுவே.

பெனிசிலின் மருந்து இக்கிருமிகளை வெல்வதில்லை. உயிரணுவுக்குள் நுழைந்து செயலாற்றும் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தே இவற்றுக்கு ஏற்றது. காலம் தாழ்த்தாமல் இம்மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலான நோயாளிகள் பிழைக்கின்றனர்.

நம் நாட்டில்

இக்கிருமிகளின் உறவினம் ஒன்று இந்தியாவிலும் உண்டு. ஸ்கிரப் டைபஸ் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியே அது. தமிழ்நாட்டில் மக்கள் அந்நோயை உண்ணிக்காய்ச்சல் என்பர். இமயமலை அடிவாரம் முதல் தமிழ்நாடு வரை பல மாநிலங்களில் அது காணப்படுகிறது. புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம் பருவமே அதனைப் பரப்புகிறது. கடித்த இடத்தில் சிலருக்குக் கருநிறப் பொருக்குத் தோன்றும். காய்ச்சலுடன் அத்தகைய பொருக்கைக் கண்டால், அதனை மருத்துவரிடம் மறவாமல் காட்ட வேண்டும். நாள்கணக்கில் நீளும் காய்ச்சலின் காரணத்தை அச்சிறு தழும்பே அறிவித்துவிடக்கூடும்.

நோய்க்குக் காரணம் பனிநீர் என்று ஊரே நம்பியபோது, ரிக்கெட்ஸ் கூடாரத்தில் அமர்ந்து பொறுமையாகச் சான்று தேடினார். கண்டதைக் கண்டபடி கூறினார், காணாததைக் கூறவில்லை. இன்று உண்ணிக்கடியால் வரும் காய்ச்சலிலிருந்து ஒருவர் மீளும்போது, அந்த மீட்சிக்குப் பின்னே அவருடைய உழைப்பும் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

உண்ணி – விலங்குகளின் தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிற்றுயிர்
இளவேனில் – குளிர்காலம் முடிந்தபின் வரும் பருவம்
ஐயம் – சந்தேகம்
நெறி – முறை, வழி
நிறுவுதல் – சான்றுடன் மெய்ப்பித்தல்
இசைதல் – சம்மதித்தல்
குருதி – இரத்தம்
பொருக்கு – புண் ஆறும்போது மேலே காயும் பக்கு

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சலைப் பரப்புவது (கொசு / உண்ணி / பேன்)
2. ரிக்கெட்ஸ் காலமான நகரம் (சிகாகோ / துனிஸ் / மெக்சிகோ நகரம்)
3. அனாபிளாஸ்மா வாழும் இடம் (வெள்ளையணு / எலும்பு / தோல்)

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ரிக்கெட்ஸ் ________ஆம் ஆண்டு பிறந்தார்.
2. மருத்துவமனை வளாகத்தில் ________ அமைத்து ஆராய்ந்தார்.
3. டைபஸ் நோயைப் பரப்புவது ________.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பிட்டர்ரூட் மக்கள் நோய்க்குக் காரணமாக எதனை நம்பினர்?
2. உண்ணிக்கடி பட்டோர் அனைவருக்கும் நோய் வராதது ஏன்?
3. ரிக்கெட்ஸ் கண்ட கிருமி ஊட்டப்பொருள்களில் வளராதது ஏன்?

ஈ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. உண்ணியே நோயைப் பரப்புகிறது என்பதை ரிக்கெட்ஸ் எவ்வாறு காட்டினார்?
2. அனாபிளாஸ்மா வெள்ளையணுவுக்குள் அழியாமல் வாழ்வது எவ்வாறு?

உ. பிரித்து எழுதுக.
1. வெள்ளையணு  2. குடியிருந்தால்  3. உண்ணிக்காய்ச்சல்

ஊ. சிந்தித்து எழுதுக.
தாம் கண்ட கிருமிக்கு ரிக்கெட்ஸ் பெயர் சூட்டாதது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.